“எப்ப போவீங்க அக்கா?”

காரிலிருந்து இறங்கி, பெட்டியைத் திண்ணையில் வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ரெட்டைச்சடை போட்ட ஒரு பெண் அவள் முன்னால் வந்து நின்றாள். பதினொன்று, பன்னிரண்டு வயதிருக்கும். கையில் ஒரு நோட்டு.

“அக்கா, நீங்க எப்ப போவீங்க?”

டொரண்டோவிலிருந்து சென்னை, அங்கிருந்து செங்கல்பட்டு. இரண்டு நாள் பயணக் களைப்பு. பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், சாக்லேட் கேட்பார்கள் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவளுக்கு, வந்ததும் ‘எப்போது போவீர்கள்’ என்ற கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆகஸ்ட் முதல் வாரம் என்று சொன்னாள். ரெட்டைச்சடை தலையாட்டிவிட்டு, நோட்டைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அது என்ன நோட்டு என்று அவளுக்குத் தெரிய ஆறு வாரம் ஆயிற்று.

யார் வீட்டுப் பிள்ளைகள்?

அவளுக்கு 22 வயது. அப்பா, அம்மா இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் போனவர்கள். பிறந்து வளர்ந்ததெல்லாம் டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில். கல்லூரி விடுமுறையில் இரண்டு மாதம் தமிழ்நாட்டில் ஒரு குழந்தைகள் விடுதியில் சேவை செய்யலாம் என்று வந்திருந்தாள். தமிழ் பேச வரும் என்பதால் மற்ற தன்னார்வலர்களைவிட சுலபமாக இருக்கும் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கு முதல் நாளே பொய்த்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, “வாங்கோ, கொஞ்ச நேரம் இருந்து கதைப்பம்” என்றாள். நாற்பது சொச்சம் பிள்ளைகளும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயையே பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு சின்னப் பையன் பொறுக்க முடியாமல், “அக்கா, கதை எப்ப ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டான். யாழ்ப்பாணத்தில் ‘கதைப்பது’ என்றால் பேசுவது. செங்கல்பட்டில் கதை என்றால் கதைதான். வேறு வழியில்லாமல் அம்மம்மா சொன்ன ஒரு நரிக்கதையைச் சொன்னாள். அன்றிலிருந்து இரவு எட்டு மணிக்கு ஒரு கதை என்பது விதியாகிவிட்டது.

அவள் கிளம்பும்போது ‘அநாதைக் குழந்தைகள்’ என்று நினைத்துத்தான் வந்தாள். நண்பர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஆனால், அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மா இருந்தார்கள், அப்பா இருந்தார், பாட்டி தாத்தா இருந்தார்கள். தொழுநோயிலிருந்து குணமானவர்கள் வாழும் குடியிருப்புகளிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் அவர்கள்.

செங்கல்பட்டுக்கும் இந்த நோய்க்கும் நூறாண்டுத் தொடர்பு உண்டு. ஊரை ஒட்டியுள்ள திருமணியில் 1924-ல் லேடி வெலிங்டன் பெயரில் தொழுநோய் மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று, மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக மாற்றியது. சிகிச்சைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் குணமான பிறகும் ஊர் திரும்பவில்லை. திரும்பினாலும் வீடு சேர்க்கவில்லை. ஆஸ்பத்திரிகளைச் சுற்றியே குடிசை போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குள்ளேயே கல்யாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று இந்தக் குடியிருப்புகள் வளர்ந்தன.

இது பரம்பரை நோய் இல்லை. சாபமும் இல்லை. 1873-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு, ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் முழுமையாகக் குணமாகிற நோய் இது. மருந்து எடுக்கத் தொடங்கிவிட்டால் அடுத்தவருக்குப் பரவுவதும் நின்றுபோகிறது. ஆனால் பயம் அத்தனை வேகத்தில் குணமாகவில்லை. தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்க வழிசெய்த 1898-ம் வருட வெள்ளைக்காரர் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருப்பது விவாகரத்துக்கு ஒரு காரணம் என்று சட்டத்தில் இருந்த வரி, 2019-ல்தான் போனது.

இந்தப் பிள்ளைகளுக்கு எந்த நோயும் இல்லை. ஆனால் ‘காலனிப் பிள்ளை’ என்ற பெயர் இருந்தது. அதற்காகத்தான் விடுதி, அதற்காகத்தான் படிப்பு. முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமனின் மகள் பத்மா வெங்கட்ராமன், இப்படிப்பட்ட குடியிருப்புகளில் சிறுகடன், சுயதொழில் என்று பல ஆண்டுகள் உழைத்தவர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பெக்கி டக்ளஸ் என்ற பெண்மணி தொடங்கிய ‘ரைசிங் ஸ்டார் அவுட்ரீச்’ அமைப்பு, இந்தப் பிள்ளைகளுக்காக இந்தப் பகுதியில் விடுதியோடு பள்ளி நடத்துகிறது. அங்கேயும் வெளிநாட்டிலிருந்து தன்னார்வலர்கள் வந்து, சில வாரங்கள் தங்கி, திரும்பிப் போகிறார்கள். அவள் வந்து சேர்ந்தது அதைவிட மிகச் சின்ன, பெயர் வெளியே தெரியாத ஒரு விடுதி.

பேன் சீப்பும் பாட்டியின் கையும்

இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. நடந்தது வேறு. காலையில் பதினைந்து தலைகளுக்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னுவது, ஞாயிற்றுக்கிழமை பேன் சீப்போடு வாசலில் உட்காருவது, தண்ணீர் வரும் நேரத்தில் குடம் பிடிப்பது, ராத்திரி கதை சொல்வது. ‘வடிவா இருக்கு’ என்று அவள் சொல்லச் சொல்ல, விடுதியே ‘வடிவா இருக்கு’ என்று பேச ஆரம்பித்தது. சாம்பாரும் வடிவா இருந்தது, கணக்குப் பரீட்சையும் வடிவா இருந்தது.

ரெட்டைச்சடை மட்டும் அவளிடம் ஒட்டவில்லை. சடை பின்ன வருவாள், முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். கதை கேட்பாள், ஆனால் கடைசி வரிசையில். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டார் பார்க்க வரும் நாள். ரெட்டைச்சடையைப் பார்க்க அவளுடைய பாட்டி வந்தார். தூக்குச் சட்டியில் ஆடி மாதத்துக் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. பாட்டியின் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இருந்தன. சில விரல்கள் பாதியில் நின்றன. கனடாவிலிருந்து வந்தவள் கையை நீட்டினாள். பாட்டி தயங்கிவிட்டு, தன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பிறகு பிடித்தார். அந்தப் பிடியின் பலம் அவளைத் திடுக்கிட வைத்தது. வலித்தது என்றே சொல்லலாம்.

“எங்க பாட்டி கையில அடி வாங்கினா தாங்காது” என்று ரெட்டைச்சடை முதன்முதலாக அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

இதே செங்கல்பட்டில், 1947-ல், இதே மாதிரி ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், இங்கே தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்க வந்தார். மடங்கிப்போன கைகளோடு நோயாளிகள் நடமாடுவதைப் பார்த்தவர், ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். செத்துப்போன கை என்று நினைத்தது, அவர் விரல்களை நசுக்குகிற மாதிரி பிடித்தது. அப்படியென்றால் எல்லாத் தசைகளும் செத்துப்போகவில்லை, சில தசைகள் நல்ல பலத்தோடு இருக்கின்றன என்று அந்த நிமிடம் அவருக்குப் புரிந்தது. உயிரோடு இருக்கும் தசைநாரை எடுத்துச் செயலிழந்த இடத்தில் பொருத்தினால் விரல் நிமிரும் அல்லவா? அடுத்த வருடமே வேலூரில் அந்த அறுவை சிகிச்சை தொடங்கியது. மடங்கிய கைகள் பேனா பிடித்தன, உளி பிடித்தன. உலகம் முழுக்கப் போன ஒரு மருத்துவ முறைக்கு, செங்கல்பட்டில் நடந்த ஒரு கைகுலுக்கல் தொடக்கமாக இருந்தது.

பாட்டிக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ஆனாலும் மடங்கிய அந்த விரல்களால்தான் கூழ் காய்ச்சி, தூக்குச் சட்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

பாட்டி கிளம்பும்போது பேத்தியின் கன்னத்தைத் தடவி, “போயிட்டு வரேன் கண்ணு” என்றார். பேத்தி அழவில்லை. பஸ் ஸ்டாப் வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்தாள். அடுத்த மாதமும் பாட்டி வருவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கம்

ஜூலை கடைசியில் ஒரு மழை நாள். காயப்போட்ட துணிகளோடு பிள்ளைகளின் நோட்டுகளையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடியபோது, ரெட்டைச்சடையின் நோட்டு கீழே விழுந்து திறந்துகொண்டது. கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தது. ஐந்து பத்திகள்.

பேர். நாடு. வந்த தேதி. போன தேதி. மறுபடி வந்த தேதி.

மொத்தம் பதினான்கு பெயர்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா, மறுபடியும் அமெரிக்கா. ஐந்தாவது பத்தியில் ஒரே ஓர் இடத்தில்தான் தேதி இருந்தது. மற்ற இடமெல்லாம் காலி. கடைசியாக அவளுடைய பெயர். போன தேதி என்ற கட்டத்தில் அவள் முதல் நாள் சொன்ன ‘ஆகஸ்ட் முதல் வாரம்’ பென்சிலால் எழுதப்பட்டிருந்தது.

அன்று இரவு அவள் விடுதியை நடத்தும் பெரியம்மாவிடம் போனாள். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான். கடைசி நாளில் ஒரு பெரிய விருந்து வைக்கலாம், எல்லோருக்கும் பரிசு வாங்கலாம், அடுத்த வருடம் கட்டாயம் வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று அவள் திட்டம் வைத்திருந்தாள். பெரியம்மா கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“விருந்து வைம்மா. பரிசு வேணாம். ஆனா ஒண்ணு. ‘போயிட்டு வரேன்’னு மட்டும் இந்தப் பசங்ககிட்ட சொல்லாதே.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு அவளுடையது. அப்பா வேலைக்குப் போகும்போதுகூட ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லாவிட்டால் அம்மம்மா திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பார். தமிழில் விடைபெறுவதற்கு வேறு என்ன வார்த்தை இருக்கிறது?

“நமக்கு அது ஒரு வார்த்தை. மரியாதைக்குச் சொல்றது. இதுங்களுக்கு அது தேதி” என்றார் பெரியம்மா. “வரேன்னு சொன்னா எந்த மாசம், எந்தக் கிழமைன்னு கணக்கு போடும். வரலைன்னா உன்னை திட்டாது. நாம என்ன தப்பு பண்ணோம்னு தன்னையே கேட்டுக்கும். நல்ல மனசோடதான் எல்லாரும் சொல்லிட்டுப் போறாங்க. அங்கே போனா படிப்பு, வேலை, கல்யாணம். யாரையும் குத்தம் சொல்ல முடியாது.”

பெரியம்மா அனுபவத்தில் கண்டதை உலகம் ஆராய்ச்சியில் கண்டிருக்கிறது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, போருக்குப் பிறகு வீடிழந்த குழந்தைகளைப் பற்றி 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில், பிள்ளைகளுக்குச் சோறும் படுக்கையும் போலவே நிலையான ஒரு மனிதரின் அரவணைப்பும் அவசியம் என்று வலியுறுத்தினார். அடிக்கடி கை மாறும் அன்பு, குழந்தையைக் காயப்படுத்தும். பிரிவின்போது அழுகிற குழந்தையைவிட, அழாமல் ஒதுங்கிப்போகிற குழந்தையைத்தான் கவனிக்க வேண்டும். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம் ஒன்று, குழந்தைகள் இல்லங்களுக்கு வெளிநாட்டார் சுற்றுலாபோல வந்து சேவை செய்து போவதால் பிள்ளைகளுக்கு நேரும் பாதிப்பைக் குறிப்பிட்டுக் கவலை தெரிவித்தது.

“அப்ப நான் வந்ததே பிழையோ?” என்று கேட்டாள். கண் நிறைந்திருந்தது.

“பிழைன்னு யாரு சொன்னா? வந்ததை ஒழுங்கா முடிச்சிட்டுப் போன்னுதான் சொல்றேன். இங்கே நீ செஞ்ச வேலை எல்லாத்தையும் இங்கேயே இருக்கிறவங்க கையில குடுத்துட்டுப் போ.”

பத்து நாள் காலண்டர்

மறுநாள் காலையே அவள் பிள்ளைகளை உட்காரவைத்துத் தேதியைச் சொன்னாள். இன்னும் பத்து நாள். சாப்பாட்டுக் கூடத்தில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாள். தினமும் ஒரு பிள்ளை தாள் கிழிக்க வேண்டும் என்று ஏற்பாடு. திடீரென்று ஒரு நாள் காலையில் கட்டில் காலியாக இருப்பதைப் பார்க்கிற அதிர்ச்சி யாருக்கும் வேண்டாம்.

கதை சொல்லும் வேலையை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கொடுத்தாள். முதல் நாள் கதை மூன்று நிமிடத்தில் முடிந்தது. நான்காவது நாள் பேயும் சேர்ந்துகொண்டதால் அரை மணி நேரம் ஓடியது. சடை பின்னுவதைப் பெரிய பெண்கள் சின்னப் பெண்களுக்கு என்று பிரித்துவிட்டாள். இங்கிலீஷ் பாடத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதி, மாலையில் வரும் டியூஷன் டீச்சரிடம் கொடுத்தாள்.

போனில் நிறையப் படங்கள் இருந்தன. பிள்ளைகள் முகம் தெரியும் எதையும் இணையத்தில் போடுவதில்லை என்று முடிவு செய்தாள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டும் படங்களை வெளியிட 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும் இடம் கொடுப்பதில்லை. பிரின்ட் போட்ட படங்கள் விடுதிச் சுவருக்குப் போயின.

பறவை வராத மலை

கடைசி ஞாயிறு, எல்லோரும் மாமல்லபுரம் போனார்கள். ஒரு வேனும் ஒரு ஷேர் ஆட்டோவும் நிறைய பிள்ளைகள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சாலை. ஆடிக் காற்றில் ஜன்னலோர ரிப்பன்கள் எல்லாம் பறந்தன.

மலை தெரிந்ததும் டிரைவர் வண்டியை மெதுவாக ஓட்டி, பழைய கதையைச் சொன்னார். வேதகிரீஸ்வரர் கோயில் மலைக்கு உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வரும். குருக்கள் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகும். ஊர் பெயரே அதனால்தான். காசியிலிருந்து பறந்து வருகின்றன என்று ஜனங்கள் நம்பினார்கள். பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு வகை அவை. டிரைவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார்.

“இப்ப வராதா?” என்று கேட்டாள் ரெட்டைச்சடை.

“தொண்ணூறுகளோட கடைசியில நின்னுபோச்சு பாப்பா.”

“குருக்கள் என்ன பண்ணினாரு?”

“கொஞ்ச நாள் பொங்கலை வெச்சுட்டு வானத்தைப் பார்த்துட்டு இருந்திருப்பாரு. வேற என்ன பண்றது?”

வேன் அமைதியானது. டிரைவருக்கே சங்கடமாகிவிட்டது போலிருக்கிறது. கீழே இருக்கும் குளத்தைக் காட்டி, “ஆனா இந்த சங்கு தீர்த்தத்துல பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சங்கு வரும். அது தவறாது” என்றார். அடுத்த சங்கு வரும்போது தனக்கு என்ன வயது என்று ஆளாளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் போயிற்று. நூறடிக்குக் கொஞ்சம் குறைவான அந்தப் பாறையில் தேவர்கள், யானைகள், முனிவர்கள் எல்லாம் இருந்தும், பிள்ளைகளுக்குப் பிடித்தது ஒற்றைக்காலில் தவம் செய்யும் பூனைதான். சுற்றி எலிகள் கும்பிட்டுக்கொண்டு நிற்கின்றன. “நம்பிட்டா போச்சு” என்றான் கதை சொல்லும் பையன். பக்கத்தில், குரங்கு பேன் பார்க்கும் சிற்பத்தைப் பார்த்ததும் எல்லோரும் அவளைக் காட்டிச் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நடப்பதும் அதுதானே!

வெண்ணெய் உருண்டைப் பாறையை எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். 1908-ல் ஆளுநராக இருந்த லாலி, ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று சொல்வார்கள். நாற்பது பிள்ளைகளுக்கும் அசையவில்லை.

கடற்கரைக் கோயிலைத் தாண்டி, மணலில் உட்கார்ந்தார்கள். அலை பெரிதாக இருந்ததால் கணுக்கால் தண்ணீருக்கு மேல் யாரும் போகக் கூடாது என்று பெரியம்மாவின் உத்தரவு. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி, சமையல் செய்யும் ஆயா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இந்தக் கரையோரக் குப்பத்தில் பிறந்தவர்.

“சுனாமி வந்துச்சே, 2004 டிசம்பர் 26. அதுக்கப்புறம் இந்தக் கரை முழுக்க வெளிநாட்டுக்காரங்கதான். பசங்களைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. படம் வரையச் சொன்னாங்க, பாட்டு சொல்லிக் குடுத்தாங்க. ரொம்ப நல்லவங்க. ஆறு மாசத்துல ஒருத்தரும் இல்ல.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “ஒரு பொண்ணு மட்டும் போகும்போது எங்க ஊட்டுக்கு வந்து, ‘நாளைக்கு நான் இருக்க மாட்டேன்’னு கையால காட்டிட்டுப் போச்சு. பாஷை தெரியாது. அதை இன்னும் மறக்கல.”

கேட் வாசலில்

காலண்டரில் சிவப்பு வட்டம் வந்தது. முதல் நாள் இரவு விருந்து: வடை, பாயசம், அவள் கையால் செய்த யாழ்ப்பாணத்துச் சொதி. சொதியைப் பிள்ளைகள் பாதிப் பேர் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள்.

பிறகு அவள் பேசினாள். ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்.

“நான் நாளைக்குக் காலமை வெளிக்கிடுறன். எப்ப திரும்பி வருவன் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டன். ஆனா ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயிறு ஒரு கடிதம் எழுதுவன். அதை என்னால செய்ய ஏலும்.”

‘வெளிக்கிடுறது’ என்றால் கிளம்புவது என்று விளக்க வேண்டியிருந்தது. சின்னவர்கள் அழுதார்கள். அவளும் அழுதாள். ரெட்டைச்சடை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரவில்லை.

காலை ஆறு மணிக்கு வண்டி வந்தது. பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது ரெட்டைச்சடை நோட்டோடு வந்தாள். ஒரு பக்கச் சடைதான் பின்னியிருந்தது. மற்றது அவிழ்ந்து கிடந்தது. வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அவள் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சடையையும் பின்னி முடித்தாள். இரண்டு பேரும் பேசவில்லை.

பிறகு ரெட்டைச்சடை நோட்டைத் திறந்து நீட்டினாள். “நீங்களே எழுதுங்க.”

‘போன தேதி’யில் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, பேனாவால் அன்றைய தேதியை எழுதினாள். ஐந்தாவது கட்டத்துக்கு முன்னால் பேனா நின்றது. ரெட்டைச்சடை அவள் முகத்தையே பார்த்தாள். அவள் அந்தக் கட்டத்தில் எதுவும் எழுதாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

ரெட்டைச்சடை கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு பக்கத்து ஓரத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், ஸ்கேல் இல்லாமலே கோணலாக ஒரு கோடு போட்டு, ஆறாவதாக ஒரு பத்தி சேர்த்தாள். மேலே எழுதினாள்: ‘லெட்டர்’.

வண்டி கிளம்பியது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான் சொன்னாள்.

“போயிட்டு வாங்க அக்கா.”

அந்த வார்த்தையைப் போகிறவள் சொல்லக் கூடாது என்றுதான் பெரியம்மா சொல்லியிருந்தார். இருக்கிறவள் சொல்லலாம் போலிருக்கிறது.

முதல் ஞாயிறுகள்

அந்தக் கைகுலுக்கல் மருத்துவர் பால் பிராண்டின் வாழ்க்கையிலும் ஒரு பிரிவு உண்டு. 1914-ல் நம் கொல்லிமலையில், மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-ல் அவருடைய அப்பா கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். செய்தி தந்தியில் உடனே போய்ச் சேர்ந்தது. ஆனால், அதற்கு முன்பே அப்பா எழுதி, கப்பலில் வந்துகொண்டிருந்த கடிதங்கள், தந்திக்குப் பிறகும் வாரக்கணக்கில் பையனின் கைக்கு வந்துகொண்டே இருந்தன. மலையைப் பற்றி, மரங்களைப் பற்றி எழுதிய கடிதங்கள். அப்பாவை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. ஆனால் அந்தக் கடிதங்களை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை.

கனடாவுக்குத் திரும்பியவளுக்கு முதல் மூன்று மாதம் கடிதம் எழுதுவது சுலபமாக இருந்தது. நான்காவது மாதம் பரீட்சை. ஆறாவது மாதம் வேலை தேடும் அலைச்சல். பனி கொட்டும் ஒரு ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு, எழுதாமல் படுத்துவிட்டு, அந்தக் கோணல் கோடு ஞாபகம் வந்து எழுந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. பஸ்ஸில் பார்த்தது, அம்மம்மா திட்டியது, அன்று செய்த சொதி.

பதில் எப்போதும் வராது. எப்போதாவது பெரியம்மா ரெட்டைச்சடையின் கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

இரண்டு வருடம் ஆயிற்று. ஐந்தாவது கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. டிக்கெட்டுக்குக் காசு சேர்க்கிறாள், ஆனால் அதை அவள் கடிதத்தில் எழுதுவதில்லை. ஆறாவது பத்தியில் இடம் போதாமல் ரெட்டைச்சடை அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறாள்.

போன மாதம் வந்த கடிதம் நான்கு வரிதான்.

“அக்கா, எனக்கு இப்ப ஒரே சடை. நானே பின்னிக்கிறேன். பாட்டி நல்லா இருக்காங்க, உங்களைக் கேட்டாங்க. போன வாரம் புதுசா ஒரு அக்கா வந்தாங்க. நான் எப்ப போவீங்கன்னு கேக்கல. பேரு என்னன்னு கேட்டேன்.”